நான் வரமுடியாததற்கு ஈ சிம்மே காரணம்

பாரிஸ், லாச்சப்பல்
9 ஒக்டோபர் 2025

அன்பும் பாசமும் நிறைந்த தங்கச்சி பேர்ளிக்கு, பாரிசிலிருந்து உன் அண்ணன் நீக்கிலாஸ் எழுதிக்கொள்வது.

ஆண்டவருடைய இரக்கத்தால் நான் இங்கு சுகம். வலது முழங்காலை மட்டும் இதில் சேர்க்கவில்லை. நீயும் மருமகன் மிதுசனும் மொன்றியலில் ஒரு குறையுமின்றி இருக்க மாதாவை மன்றாடுகிறேன். கடிதத்தைக் கண்டதும் நெஞ்சைப் பிடிக்காதே. ஒருவரும் சாகவில்லை. என்னுடைய போன்தான் செத்துவிட்டது, இன்றோடு ஒன்பது நாள். நான் கடைசியாக உனக்குக் கையால் கடிதம் எழுதியது நீ கனடா போன புதிதில். பேனை பிடித்துப் பழக்கம் விட்டுப்போனதால் எழுத்து நண்டு நடந்தது போல இருக்கும், பொறுத்துக்கொள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மச்சான் உன்னைத் தனியே விட்டுப்போய் ஒரு வருஷமாகிறது, அவருடைய ஆண்டுத் திருப்பலிக்கு நான் வரமுடியாது. டிக்கெட் இருக்கிறது, பதினைந்தாம் தேதி விமானம். பாஸ்போர்ட் இருக்கிறது. நீ கேட்ட மிளகாய்த்தூளும் இரண்டு பைக்குள் கட்டிச் சூட்கேசில் இருக்கிறது, அதன் வாசத்தில் என் உடுப்பெல்லாம் கறி மணக்கிறது. இருந்தும் முடியாது. காரணம் ஈ சிம். ஒரு சிம்முக்காக ஒரு மனிதன் பயணத்தை நிறுத்துவானா என்று நீ கேட்பாய். நிறுத்துவான். நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

எல்லாம் கீழ்வீட்டு வாமதேவனிடம் தொடங்கியது. அவனை உனக்குத் தெரியாது. இரண்டாம் மாடியில் குடும்பத்தோடு இருக்கிறான், ஐம்பது வயது, எந்த விஷயத்துக்கும் கேள்வி வருவதற்கு முன்பே பதில் வைத்திருப்பவன். லிஃப்டுக்குள் என்னைக் கண்டு, கனடாப் பயணம் எந்த அளவில் இருக்கிறது என்று விசாரித்தான். எல்லாம் ஆயத்தம் என்றேன். "அண்ணை, போனுக்கு என்ன செய்தனியள்?" என்றான். போனையும் கொண்டுதான் போகிறேன் என்றேன். அவன் தலையில் கைவைத்தான். "ஐயோ அண்ணை, உங்கடை பிரெஞ்சு லைனை அங்கை போய்த் திறந்தியளோ, பில்லைப் பாத்து விழுந்திடுவியள். ஈ சிம் எடுங்கோ." நான் "ஈயோ?" என்றேன். "ஓம், ஈ." "என்ன தம்பி, பறக்கிற இலையானோ?" "அண்ணை, அது கண்ணுக்குத் தெரியாத சிம். போனுக்குள்ளையே இருக்கும். கையிலை தரமாட்டாங்கள்." "கையிலை தராத சாமானை எப்பிடியடா தம்பி வாங்கிறது?" "இப்ப எல்லாரும் அப்பிடித்தான் வாங்கினம் அண்ணை." அதற்குள் இரண்டாம் மாடி வந்துவிட்டது. அவன் இறங்கிப் போனான். அந்த வீட்டுக் கதவு திறந்தபோது உள்ளே யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் நாலாம் மாடிவரை ஈ சிம்மை யோசித்துக்கொண்டு தனியே போனேன்.

அடுத்த நாள் காலையிலேயே ஷிரோமியின் கடைக்குப் போனேன். கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் இறங்குகிற தெருவில் போன் கடை வைத்திருக்கிற மன்னார்ப் பிள்ளை அவள். இங்கேயே வளர்ந்தவள், தமிழில் தொடங்கிப் பிரெஞ்சில் முடிப்பாள், நல்ல குணம். கனடாவுக்கு ஈ சிம் வேண்டும் என்றேன். அவள் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். அதில் ஒரு பட்டியல், பேர்ளி, கலியாண வீட்டுச் சாப்பாட்டிலும் அத்தனை வகை இல்லை. கனடாவுக்கு மட்டும், அமெரிக்காவும் சேர்த்து, உலகம் முழுவதும், ஏழு நாள், பதினைந்து நாள், முப்பது நாள், டேட்டா மட்டும், நம்பரோடு, ஒரு கிகா, மூன்று, ஐந்து, பத்து, இருபது, எல்லையே இல்லாதது. எனக்குத் தலை சுற்றியது.

"அங்கிள், எத்தினை கிகா வேணும்?"

"ஒரு மனிசனுக்கு எத்தினை காணும் பிள்ளை?"

"அது மனிசரைப் பொறுத்தது. அங்கை நிண்டு இஞ்சை ஆரோடையெல்லாம் கதைப்பியள்? வீடியோவிலையோ, சும்மாவோ?"

இந்தக் கேள்விக்கு நான் ஆயத்தமாகப் போகவில்லை. பாஸ்போர்ட், டிக்கெட், விலாசம் எல்லாம் கொண்டு போயிருந்தேன், இதற்குப் பதில் கொண்டுபோகவில்லை. முதலில் வாமதேவன் என்றேன். அவனோடு லிஃப்டுக்கு வெளியே கதைத்ததில்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. அடுத்து என்னோடு கோப்பை கழுவின போர்த்துகல்காரனை நினைத்தேன், அவன் பென்ஷன் எடுத்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டான், நம்பர் தந்தானா என்பதே நிச்சயமில்லை. பிறகு ஒருவரும் வரவில்லை. விரலை மடக்கியபடியே நின்றேன். "ஒரு நாலைஞ்சு பேர் இருக்கினம்," என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன்.

"சரி, உங்கடை போனைத் தாங்கோ, போன மாசம் எவ்வளவு பாவிச்சனியள் எண்டு பாப்பம்," என்று வாங்கி ஏதோ தட்டினாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தாள். "அங்கிள், இருநூற்றிப் பன்னிரண்டு மெகா. மாசம் முழுக்க. சே பா பொசிப்ல், இருக்கேலாது! இது உங்கடை போன்தானே?"

"என்ரைதான்."

"அதிலையும் முக்கால்வாசி வெதர். மொன்றியல் வெதர். பாரிஸிலை இருந்துகொண்டு ஏன் அங்கிள் மொன்றியல் வெதர் பாக்கிறியள்?"

பயணம் போகிறவன் பார்க்கத்தானே வேண்டும் என்று மழுப்பினேன். ஒரு வருஷமாகப் பார்க்கிறேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். காலையில் எழும்பியதும் அங்கே எத்தனை பாகை என்று பார்ப்பேன். மைனஸ் இருபது என்றால் இன்றைக்குப் பேர்ளி கடைக்குப் போகாமல் விடவேணும் என்று நினைப்பேன். அவ்வளவுதான். அதற்கு அதிக டேட்டா வேண்டியதில்லை.

"உங்களுக்கு ஒரு கிகா காணும் அங்கிள், அதுவே மிஞ்சும்," என்றாள். நல்லதற்குத்தான் சொன்னாள். ஆனால் எனக்குப் பின்னால் வரிசையில் மூன்று பேர் நின்றார்கள், மூன்று பேரும் தமிழர், மூன்று பேருக்கும் காது நல்லாய்க் கேட்கும். "இல்லைப் பிள்ளை. இருபது போடு," என்றேன். இருபது கேட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கீழே எழுதுகிறேன். ஷிரோமி இருபதே போட்டாள். சதுரமாக ஒரு படம் போனுக்கு வரும், புள்ளி புள்ளியாக இருக்கும், அதைக் கமெராவால் பார்த்தால் சிம் தானாக ஏறிவிடும், போகிற நாளுக்கு முதல்நாள் செய்தால் போதும் என்று படிப்பித்து அனுப்பினாள்.

முதல்நாள்வரை பொறுக்கிற ஆளாக நான் இருந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. வீட்டுக்குப் போய்ச் சப்பாத்தைக் கழற்றுமுன்னே தொடங்கினேன். படம் வந்திருந்தது. அதைக் கமெராவால் பார்க்கவேண்டும். கமெராவும் அதே போனில் இருக்கிறது. உன் மூக்கை உன் கண்ணால் நேருக்கு நேர் பார் என்று சொன்னது போலத்தான். கொஞ்சம் யோசித்துவிட்டுக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் போனேன். படத்தைத் திறந்தால் கமெரா மூடுகிறது, கமெராவைத் திறந்தால் படம் மறைகிறது. முக்கால் மணித்தியாலம் நின்றேன். கடைசியில் கண்ணாடியில் தெரிந்தது ஒரு கிழவன் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டுந்தான். தவறுதலாக அதைப் படமும் எடுத்துவிட்டேன். இந்த வருஷம் நான் எடுத்த ஒரே படம் அதுதான் என்று நினைக்கிறேன், ஆனால் அதுவும் பிறகு அழிந்துபோனது.

ஃபோட்டோக்கொப்பிக் கடைக்குப் போய் அந்தப் படத்தைத் தாளில் எடுப்பித்துக்கொண்டு வந்து குசினி அலுமாரியில் ஒட்டினேன். கமெராவைக் காட்டினேன். ஏறிவிட்டது! இருந்த சந்தோஷத்தில் யாருக்காவது சொல்லவேண்டும் போல இருந்தது. நேரத்தைப் பார்த்தேன், மொன்றியலில் நீ இன்னும் எழும்பியிருக்கமாட்டாய். ஆகவே போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கண்டேன், புதிய லைனுக்குப் பக்கத்தில் "பா த சேர்விஸ்", அதாவது சேவை இல்லை, என்று எழுதியிருந்தது. ஒரு மணித்தியாலம் பொறுத்தேன், மாறவில்லை. போனை அணைத்து மூட்டினேன். ஜன்னலைத் திறந்து வெளியே நீட்டினேன். எதிரே பாலத்தின் மேலாக ஸ்டாலின்கிராட் நிலையப் பக்கமிருந்து வந்த மெற்றோவில் இருந்த ஒரு பெண் நான் கையசைக்கிறேன் என்று நினைத்துத் தானும் கையசைத்தாள். சேவை மட்டும் வரவில்லை.

வாமதேவன் வேலையால் வரும்வரை கீழே வாசலில் காவல் நின்று பிடித்தேன். "அண்ணை, அது பழுது. அழிச்சுப்போட்டுத் திருப்பிப் போடுங்கோ," என்று சொல்லிவிட்டு அவன் படியேறிவிட்டான். போனில் இரண்டு லைன் காட்டியது. எது பாரிஸ், எது கனடா என்று எழுதியிருக்கவில்லை. பிந்தி வந்தவன் கீழே இருப்பான் என்று நினைத்துக் கீழே இருந்ததை அழித்தேன். பேர்ளி, பிந்தி வந்தவன் மேலே இருந்திருக்கிறான். நான் அழித்தது என்னுடைய சொந்த நம்பரை. இருபத்திரண்டு வருஷமாக நான் வைத்திருந்த நம்பர். கோடையில் போன் மாற்றியபோது அதையும் கண்ணுக்குத் தெரியாத சிம்மாகத்தான் போட்டுத் தந்திருக்கிறார்கள், எனக்கு அது தெரியாது. பதறிப்போய் அங்கேயும் இங்கேயும் தட்டினேன், "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கவா?" என்று போன் மரியாதையாகக் கேட்டது. புதிதாகத் தொடங்குவது நல்லதுதானே என்று ஓம் கொடுத்தேன். அதோடு எல்லாப் பெயரும் போனது, உன் நம்பரும் போனது, கனடா சிம்மும் போனது. அந்தப் புள்ளிப் படம் ஒருமுறைக்குத்தான் வேலை செய்யுமாம்.

உன் நம்பர் எனக்குப் பாடமில்லை என்று எழுத வெட்கமாக இருக்கிறது. உன் பெயரைத் தொட்டே பழகிவிட்டேன். லண்டன் அற்புதராணி மச்சாளிடம் வாங்கலாம் என்றால் அவவுடைய நம்பரும் அதற்குள்தான் இருந்தது. வாட்ஸ்அப்பைத் திரும்பப் போடலாம் என்றால் அது என் நம்பருக்கு ஒரு கோட் அனுப்புமாம். டெலிபோன் கொம்பனிக்கு வாமதேவனின் போனில் எடுத்தேன். ஒரு பெண்பிள்ளை மிகவும் பண்பாகப் பேசினாள். "மெஸியூ, நீங்கள்தான் நீக்கிலாஸ் என்பதை உறுதி செய்ய ஒரு கோட் அனுப்புகிறோம்." "எங்கே அனுப்புவீர்கள்?" "உங்கள் நம்பருக்கு." "அந்த நம்பரைத்தான் தொலைத்துவிட்டேன்." "நன்றாகப் புரிகிறது மெஸியூ. கோட் வந்துவிட்டதா?" இப்படியே இருபது நிமிடம். நான் நீக்கிலாஸ்தான் என்பதை என்னால் நிரூபிக்க முடியவில்லை. கடைசியில், தபாலில் புதிய சிம் வரும், பத்து வேலைநாள் பொறுக்கவேண்டும் என்றாள். விமானம் அதற்கு முன்பே போய்விடும்.

ஷிரோமியிடம் ஓடினேன். அவள் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "அங்கிள், அது கனடாச் சிம். கனடாவிலைதான் வேலை செய்யும். இஞ்சை சேவை இல்லை எண்டுதான் காட்டும். அது நல்லாத்தான் இருந்திருக்கு." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, வேறை ஒண்டு எடுப்பம். எத்தினை கிகா போட?" என்றாள். எனக்கு அந்தக் கேள்விக்கு இன்னொருமுறை நின்று பதில் சொல்லத் தெம்பில்லை. பிறகு வாறன் பிள்ளை என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இந்த ஒன்பது நாளும் ஒன்றை அறிந்துகொண்டேன். போன் இல்லாமல் ஒருவித இடைஞ்சலும் இல்லை. ஒருத்தரும் கதவைத் தட்டி, "ஏன் போன் எடுக்கேல்லை?" என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன், யாராவது "உங்களுக்கு எடுத்தனான், போகேல்லை" என்பார்கள் என்று வாசலில் கொஞ்சம் பிந்தி நின்றேன். கைகூப்பிச் சமாதானம் சொன்னார்கள், போய்விட்டார்கள். எடுக்கக்கூடியவள் நீ மட்டும்தான், ஆனால் நீயும் மாசத்தில் ஒருமுறைதான் எடுப்பாய், அதனால் உனக்கும் இன்னும் தெரிந்திருக்காது. திங்கட்கிழமை வாமதேவனிடம் போனைக் கடன் கேட்டு என் நம்பருக்கு நானே எடுத்துப் பார்த்தேன், உயிர் இருக்கிறதா என்று. தகவல் விடச் சொன்னது. வாமதேவன் பார்த்துக்கொண்டு நின்றதால் சும்மா வைக்க ஒருமாதிரி இருந்தது. "நீக்கிலாஸ், நான்தான். ஒண்டுமில்லை, சும்மா எடுத்தனான். சுகமாய் இரு," என்று சொல்லிவிட்டு வைத்தேன். வாமதேவன் வேறு பக்கம் பார்த்தான்.

இனி, இருபது கிகா கேட்டதற்கு மற்றக் காரணம். போன வருஷம் மச்சான் செபஸ்தியாம்பிள்ளையின் அடக்கத்தை மிதுசன் வீடியோவில் நேரடியாகக் காட்டினான். நான் அதை வேலை செய்த சமையலறைக்குப் பின்பக்கம், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நின்று பார்த்தேன். சுவாமியார் செபம் முடித்தார். நீ பெட்டிக்குக் கிட்ட வந்து குனிந்தாய். அந்த இடத்தில் படம் நின்றது. மாதத்துக்கான டேட்டா முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. அப்போது என்னிடம் இருந்தது ஆகச் சின்னத் திட்டம், வெதருக்கு மட்டும் காணுமானது. நீ குனிந்தபடி நின்றாய். படம் திரும்ப ஓடும் என்று நான் அரைமணித்தியாலம் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ நிமிரவேயில்லை. அதன் பிறகு எத்தனையோ தரம் உன்னோடு கதைத்துவிட்டேன், என்றாலும் உன்னை நினைத்தால் நீ குனிந்துகொண்டுதான் நிற்கிறாய்.

எழுதத் தொடங்கிவிட்டேன், இதையும் எழுதுகிறேன். அடக்கத்துக்கு வர லீவு தரவில்லை என்று உனக்குச் சொன்னேன் அல்லவா? நான் கேட்கவேயில்லை, பேர்ளி. முதலாளி தானாகவே வந்து, "போகவில்லையா, போய்வா," என்று சொன்னார். நான்தான் கனடா தூரம் என்றேன். தூரம் காரணமில்லை. உனக்கு முன்னால் வந்து நின்று என்ன சொல்வது என்று தெரியவில்லை. முப்பது வருஷம் கழுவுகிற தொட்டிக்கு முன்னால் நின்றவன் நான், எனக்குக் கோப்பையோடுதான் பழக்கம். இந்த வருஷம் அப்படிச் செய்யக்கூடாது என்றுதான் டிக்கெட் எடுத்தேன். இப்போது போனும் இல்லை. மிதுசனை நான் கடைசியாகக் கண்டபோது அவனுக்கு மூன்று வயது, விமான நிலையத்தில் அத்தனை சனத்துக்குள் அவன் என்னையோ நான் அவனையோ எப்படிக் கண்டுபிடிப்பது? வழியில் ஏதும் ஆனால் யாரைக் கூப்பிடுவது? ஆகவே இதெல்லாம் ஒரு சகுனம் என்றே எடுத்துக்கொள்கிறேன். நான் வரவில்லை. மச்சானுக்காக இங்கே ஒரு பூசை ஒப்புக்கொடுக்கிறேன். நீ கோபிக்கவேண்டாம். கோபித்தாலும் பரவாயில்லை, ஆனால் எழுதிக் கோபி, அப்போதுதான் எனக்கு வந்து சேரும்.

மிதுசனுக்கு மாமாவின் அன்பு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போகச் சொல். உன் வீட்டில் சமாதானமும், மூட்டுகளில் பலமும், மச்சானுடைய ஆத்துமாவுக்கு நித்திய இளைப்பாற்றியும் கிடைக்க மன்றாடி, பேனையை வைக்கிறேன்.

என்றும் உன் அண்ணன்,
நீக்கிலாஸ்

பி.கு.: இந்தக் கடிதத்தைத் தபால் கந்தோருக்குக் கொண்டுபோனேன். நீ அனுப்பிய நினைவுக் கார்டின் உறையைப் பார்த்து உன் விலாசத்தை எழுதியிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், கனடாவுக்குப் பத்து நாளிலிருந்து இரண்டு கிழமை என்றாள். அதற்குள் பூசையே முடிந்துவிடும், நான் வருவேன் என்று நீ விமான நிலையத்துக்கு ஆள் அனுப்பிக் காத்திருப்பாய். அவசரத் தபாலில் போடுங்கள் என்றேன். அதற்கு வாங்குகிறவரின் டெலிபோன் நம்பர் கட்டாயமாம். நான் சிரித்துவிட்டேன், அவளும் ஏன் என்று தெரியாமல் சிரித்தாள். "பதினைந்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேறு வழி இல்லையா?" என்று கேட்டேன். "யாராவது கையில் கொண்டுபோனால்தான் மெஸியூ," என்றாள். என்னிடம் டிக்கெட் இருக்கிறதே என்று சொன்னேன். "அப்படியென்றால் முத்திரை எதற்கு?" என்று கடிதத்தைத் திருப்பித் தந்துவிட்டாள்.

வெளியே வந்து படியில் நின்று யோசித்தேன். நான் வரவில்லை என்பதை உனக்கு நேரத்துக்கு அறிவிக்க வேறு வழியே இல்லை, பேர்ளி. ஆகையால் இதை நானே கொண்டுவருகிறேன். மிதுசன் என்னை அடையாளம் காணாவிட்டாலும் பாதகமில்லை, டாக்சிக்காரனிடம் உறையைக் காட்டுவேன், அங்கேயும் பிரெஞ்சுதானே. மணி அடித்தால் நான்தான். நான் ஒன்றும் கதைக்கமாட்டேன், இதை உன் கையில் தருவேன். வாசலில் நின்று வாசிக்கவேண்டாம், உள்ளே போய்க் கதிரையில் இருந்து வாசி. அவசரமில்லை. நீ முடிக்கும்வரை நான் பக்கத்தில் இருக்கிறேன்.